"தூ" என்று ஊதுகிறவர்

ட்ரம்பெட்காரர் காலையில் ஜன்னலோரம் நின்று ஊதினால் எதிர்வீட்டுக் கொடியில் கிடக்கும் துணி பிழியாமலே காய்ந்துவிடும். மேகங்கள் நகர்வதும் அவர் தயவில்தான். ஆனால் இப்போது அவர் கையில் இருப்பது ட்ரம்பெட் அல்ல, மூச்சின் வேகத்தை அளக்க ஆஸ்துமா கிளினிக்கில் கொடுத்த ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய். மூச்சை நிறைய இழுத்து ஒரே ஊதலாக ஊதினால் உள்ளே முள் ஏறும். முந்நூற்றில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே இறங்கினால் ட்ரம்பெட்டை மூடி வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்பது நர்ஸம்மாவின் கட்டளை.

"தூ!"

தெருவில் போகிறவர் தன்மேல்தான் துப்புகிறாரோ என்று அண்ணாந்து முறைக்கிறார். முள் நானூற்றெண்பதில் நிற்கிறது. "பாத்தியா? இந்த நெஞ்சுக்கா சீக்கு?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் அன்றைய பக்கத்தில் 480 என்று எழுதிக்கொள்கிறார்.

பேண்ட் வாத்தியக் குழுவில் இருபது வருடமாக முதல் நாற்காலி அவருக்கு. ட்ரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் பூணைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு நெஞ்சுச் சூட்டிலேயே வைத்திருப்பார். டீயை ஆற்ற ஊதினாலும் சுருதி சேரும். மாடிப்படி ஏறும்போது மட்டும் ஏழாம் படியில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். அது இழுத்துப் பூட்டும் வாரே இல்லாத ரப்பர் செருப்பு.

மகளுக்குப் பதினாலு வயது. ட்ரம்பெட்டுக்குள் சாக்ஸைத் திணித்துவிட்டு, அப்பா முழிக்கிற முழியைப் பார்த்துச் சிரிக்கிற ஜாதி. இப்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குள்ளேயே யாரோ விசில் வைத்து ஊதுகிறார்கள். அது அவள் வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை ஏழாம் படியில் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரமானது. நோட்டில் என்னவோ 480.

அன்றிலிருந்து மூன்று நாள், அவர் குளிக்கப் போனதும் அவள் ரப்பரை எடுத்தாள். நாலை அழித்து ரெண்டு போட்டாள்.

கிளினிக்கில் நோட்டைப் பார்த்த நர்ஸம்மா நிமிர்ந்தார். "மூணு நாளா இருநூத்தெண்பதா? இதோட நடந்தா வந்தீங்க?"

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இங்க ஊதுங்க."

"தூ!" நானூற்றெழுபது.

நர்ஸம்மா முள்ளைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ட்ரம்பெட் வாசிக்கிறேங்க."

"அதான் நாக்கால அடிக்கிறீங்க. துப்புற மாதிரி தள்ளினா முள்ளு சும்மா எகிறும். நாக்கைக் கீழ வச்சு, நெஞ்சுலருந்து ஊதுங்க."

ஊதினார். பாதியில் இருமல் வந்தது. மறுபடி ஊதினார். முள் இருநூற்றெழுபதைத் தாண்டவில்லை.

"எத்தனை நாளைக்கு வாசிக்கக் கூடாது?" என்றார். கேட்டது தன் குரல் இல்லை என்பதுபோல் ஒருமுறை செருமிக்கொண்டார்.

"முதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் பேசலாம்." நர்ஸம்மா மருந்து எடுக்க உள்ளே போனார்.

அவர் நோட்டைப் புரட்டி, மூன்று ரெண்டுகளையும் விரலால் தடவினார். "கழுத, என் ரெண்டுக்கு இவ்வளவு நீள வால் கிடையாது."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் காதில் செருகினார்.