பாலக் ஒளிந்த சிவப்புச் சாஸ்

முத்துமாரி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மும்பை தாராவிக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. சயான் மார்க்கெட்டில் ஒருத்தி அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாள். அந்த மாதம் முடிவதற்குள் அவளிடமே இந்தியில் சண்டை போட்டு நல்ல தக்காளி வாங்கி வந்தாள் முத்துமாரி. இப்போது மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல். அவள் கைச் சாம்பாருக்கு அந்தக் கட்டடத்தில் தனிப் பெயர் உண்டு.

அப்படிப்பட்டவள் எட்டு வயது மகளிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

தன்ஷிகாவுக்குக் காய் ஆகாது. உப்புமாவில் கிடக்கும் கேரட்டைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரத்தில் வேலி கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது.

“மாத்திரை மட்டும் போதாதும்மா. கீரை, காயெல்லாம் உள்ளே போகணும். ரெண்டு மாசத்துல மறுபடி பாக்கேன்” என்றார்.

பள்ளி வாசலில் வண்டிக்காரன் விற்கும் சிவப்புச் சாஸ் பாஸ்தாவுக்கு மட்டும்தான் அந்த வாய் திறக்கும். ‘அப்ப அதுக்குள்ளதான் வைக்கணும்’ என்று முத்துமாரி முடிவுகட்டினாள்.

முதல் நாள் பாலக் கீரை, கேரட், மஞ்சள் பூசணி எல்லாவற்றையும் வேகவைத்துத் தக்காளியோடு மிக்ஸியில் அரைத்தாள். தட்டைப் பார்த்ததும் தன்ஷிகா மூக்கைப் பொத்தினாள். “மம்மி, யே க்யா ஹை? சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்கு!”

இரண்டாம் நாள் பாலக்கைக் குறைத்து ஒரு துண்டு பீட்ரூட் சேர்த்தாள். நிறம் கண்ணை அள்ளியது. பிள்ளை ஸ்பூனை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

“இது சாம்பாரு. சாம்பார்ல பாஸ்தாவப் போட்டா எனக்குத் தெரியாதா?”

மறுநாள் முத்துமாரி மாட்டுங்காவில் தான் சமைக்கும் வீட்டு ஷ்யாமளா மாமியிடம் சொல்லிக் குறைப்பட்டாள். மாமி பேரனுக்கு வாராவாரம் பாஸ்தா கிண்டுகிறவள்.

“எல்லாம் சரியாத்தானே பண்ணியிருக்கே! எண்ணெய் காஞ்சதும் என்ன போட்டே?”

“என்னத்தப் போடுவேன் மாமி? கடுகு, கறிவேப்பில, ஒரு சிட்டிகை பெருங்காயம்.”

மாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ராமா! இட்டாலிக்காரன் கேட்டா தூக்குல தொங்குவான்டி! பூண்டு மட்டும் போதும்.”

முத்துமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. தாளித்ததே அவளுக்கு நினைவில் இல்லை. எண்ணெய் காய்ந்தால் அவள் கை யாரையும் கேட்காமல் கடுகுக்குப் போய்விடும்.

அன்று சாயங்காலம் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அஞ்சறைப்பெட்டியையும் பெருங்காய டப்பாவையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“சபுராக்கா, இத ஒரு மணிநேரம் வச்சிக்கிடுங்க. நானே வந்து கேட்டாலும் தராதீங்க.”

“ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எனக்கில்லக்கா, என் கைக்கு.”

எண்ணெய் காய்ந்தது. கை அலமாரிப் பக்கம் நீண்டது. அங்கே வெற்றிடம். பூண்டைத் தட்டிப் போட்டாள். அரைத்ததை மாவுச் சல்லடையில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்கினாள். பாலக்கின் ஒரு நார்கூட மிஞ்சவில்லை. மேலே துளி சர்க்கரையும் சீஸ் துருவலும்.

தன்ஷிகா முகர்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய்க்குப் போனாள். முத்துமாரி பாத்திரம் துலக்குவதுபோல் நின்றாள்.

பாதித் தட்டு காலியானபோது புருஷன் மாரிக்கண்ணன் தோல் பட்டறையிலிருந்து வந்தான். மகள் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டவன், “ஏளா, நல்லாருக்கே! பூசணிக்காயா போட்ட?” என்றான்.

ஸ்பூன் நின்றது. “பூசணியா?”

முத்துமாரி புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை. அவள் மகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“ஆமா, பூசணி. கேரட்டு, பீட்ரூட்டு, பாலக்கும் இருக்கு. பாதி ஒன் வயித்துல போயாச்சு. எங்க வலிக்கி, சொல்லு?”

தன்ஷிகா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அதற்குள் மாரிக்கண்ணனின் கை இரண்டாம் வாய்க்கு நீண்டது.

“பப்பா! யே மேரா ஹை! என்னுது!” தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முத்துமாரி கரண்டியை எடுத்து, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாஸ் ஊற்றினாள்.