அடிக்குறிப்பை முதலில் வாசிப்பவர்

கைப்பையைக் காலடியில் வைத்து, அதன் பட்டியை ஒரு காலில் சுற்றிப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கிறார் டொலறஸ். பிறகு கணினித் திரையில் பக்கத்தைக் கீழே இழுக்கிறார். இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில்தான் நிற்கிறார். பிரித்தானிய உள்துறை அமைச்சின் காலாண்டுப் புள்ளிவிபரம் அன்று காலைதான் வெளிவந்திருக்கும். இத்தனை பேர் புகலிடம் கேட்டார்கள், இத்தனை பேருக்குப் பாதுகாப்புக் கொடுத்தோம், இத்தனை பேரை மறுத்தோம், இத்தனை பேர் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று நாடு முழுவதற்குமான கணக்கு அது. பத்திரிகைக்காரர்கள் தலைப்பைப் பார்ப்பார்கள். டொலறஸ் அடிக்குறிப்பிலிருந்து மேலே ஏறுகிறார்.

"சின்ன எழுத்தை முதல் வாசிக்கவேணும். பெரிய எழுத்து ஊருக்கு. எங்கடை விசயம் சின்ன எழுத்திலைதான் கிடக்கும்" என்பார்.

லண்டன் பிளேஸ்டோவில் உள்ள எங்கள் நூலகத்தில் நான் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். வருடத்தில் நான்கு வியாழக்கிழமைகள் அவர் இந்த அட்டவணைகளுக்காக வருவார். மற்ற நாட்களில் சூட்டுக்காக வருவார். அதை அவர் மறைப்பதில்லை. "வீட்டிலை ஹீற்றர் வேலை செய்யாது, இஞ்சை புத்தகமும் இருக்கு." தேவாலயத்தில் கொடுத்த சாம்பல்நிற மேலங்கி ஆண்களுடையது. பொத்தான்கள் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால், போட்டு இரண்டு குளிர்காலமாகியும் கை இன்னும் தவறான பக்கத்தைத்தான் தேடுகிறது.

மன்னார்க் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரப் பகுதியில் வேலை பார்த்தவர். சனத்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். அப்படிப் போன வீடுகளில், பிள்ளை காணாமற்போன தாய்மார் சிலர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரணையில் சாட்சி சொல்லப் போகும்போது தங்களுடன் வந்து உட்காரும்படி கேட்டார்கள். டொலறஸ் போய் உட்கார்ந்தார். மூன்றாவது முறை போய் வந்த பிறகு, சீருடை போடாத ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்த நாட்களைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. புகலிட நேர்காணலில் சொன்னதாகவும், ஒரு தடவை சொன்னது போதும் என்றும் மட்டும் சொன்னார்.

இடது காது மந்தம். ஷெல்லடி நாட்களில் வந்தது. அதனால் தொலைபேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டு, உள்ளங்கையில் தட்டுப்போல ஏந்திக்கொண்டு பேசுவார். அவருடைய குடும்பம் எங்கள் நூலகத்து வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கணவர் கொட்வின் வள்ளத்து எஞ்சின் திருத்துபவர். மகள் அஜித்தாவுக்குப் பதினாறு வயது. சீருடை போடாத அந்த ஆட்கள் பிறகும் இரண்டு தடவை வந்து விசாரித்ததால், தகப்பனும் மகளும் மன்னாரை விட்டு நானாட்டானில் கொட்வினின் தமையன் வீட்டில் இருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும் அடியில் இருக்கும் சின்ன எழுத்திலிருந்து தொடங்குவது டொலறஸின் பழக்கம். மருந்துப் போத்தல், சவர்க்காரத்தூள் பெட்டி, பேருந்து நேர அட்டவணை எல்லாமே அப்படித்தான். ஒரு ஞாயிறு, பஸ் தரிப்பில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போய், அந்த பஸ் ஞாயிறுகளில் ஓடாது என்று காட்டியிருக்கிறார். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உண்மையைச் சொன்னா ஆருக்கும் பிடியாது" என்று பூசை முடிந்ததும் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அட்டவணை வந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். தேவாலய மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு அவரைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் காத்திருப்பவர்கள். என்ன வந்திருக்கிறது, கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்பார்கள். காத்திருப்போர் தொகை குறைந்தால் முகங்கள் மலரும். டொலறஸ் உடனே, "குறைஞ்சது எண்டா எல்லாருக்கும் குடுத்தது எண்டு அர்த்தமில்லை. மறுத்தாலும் அந்த வரிசை குறையும்" என்பார். முகங்கள் பழையபடியாகும்.

அவரோடு ஒரே வீட்டில், பக்கத்து அறையில் இருக்கும் றூபினி முல்லைத்தீவுப் பெண், முப்பது வயதிருக்கும். "நூற்றுக்கு எத்தினை பேருக்கு அக்கா குடுக்கினம்?" என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் கேட்பாள்.

"நூற்றுக்கு எண்டு கேக்காதை பிள்ளை. பாதிப் பேருக்கு எண்டு சொன்னா, நீ பாதி அகதி எண்டு வராது. ஒண்டில் முழுசா ஓம், இல்லாட்டி முழுசா இல்லை."

இந்தக் கோடையில் றூபினிக்கு 'இல்லை' வந்தது. சொன்ன திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். அவள் மேன்முறையீடு செய்துவிட்டு, சமையலறையில் உலை வைத்ததை மறந்துபோகும் பெண்ணாக மாறினாள். டொலறஸ்தான் அடுப்பை அணைத்துக்கொண்டு திரிந்தார்.

செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தன் கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் வழிக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை அரசு நிறுத்திவைத்தது. முன்னமே போட்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இனிப் போடுபவர்கள் பொது விதியில்தான் கூப்பிடலாம். அதற்குப் பெரிய சம்பளம் காட்டவேண்டும். டொலறஸ் அந்த அறிவித்தலை எங்கள் கணினியில் மூன்று தடவை வாசித்தார். அப்போது அவரிடம் ஒரு முடிவும் இல்லை. அவர் இன்னும் 'காத்திருப்போர்' வரிசையில்தான் இருந்தார்.

இரண்டு கிழமை கழித்து வழக்கறிஞர் அழைத்தார். டொலறஸ் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டார்.

ஞாயிறு மண்டபத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக் கிறீமில் அவருடைய பெயரைச் சிவப்பால் எழுதியிருந்தார்கள். சுவாமி ஆசீர்வதித்தார், எல்லோரும் கைதட்டினார்கள், டொலறஸ் கத்தியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். முதல் துண்டை றூபினிக்கு ஊட்டினார். றூபினி அழுதபடி சாப்பிட்டாள். அது எந்த அழுகை என்று யாரும் கேட்கவில்லை. "இனி என்ன, மனுசனும் பிள்ளையும் வருவினம். நத்தாருக்கு இல்லாட்டி உயிர்த்த ஞாயிறுக்கு எண்டாலும் வருவினம்" என்று ஒரு அம்மா சொன்னார். டொலறஸ் "ஓம்" என்றார். அந்தப் படம் அன்றே நானாட்டானுக்குப் போனது.

அதன் பிறகு தொலைபேசியில் பேச்சு மாறியது. கொட்வின் தன் கருவிகளை யாருக்கு விற்கலாம் என்று கேட்பார். அஜித்தா குளிர் எப்படியிருக்கும், பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் விடுவார்கள் என்று கேட்பாள். சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பெண் உயர்தர வகுப்பில் சேரவில்லை. லண்டனுக்குப் போகிறவளுக்கு அது எதற்கு என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். அதற்குப் பதிலாக ஆங்கிலம் பேசும் வகுப்புக்குப் போய்வந்தாள். தாயிடம் ஆங்கிலத்தில் கதைத்துக் காட்டுவாள். வாசலில் நிற்கும் எங்களுக்கும் அது கேட்கும். டொலறஸ் ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றுதான்: "அலுவல் பாக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ."

உண்மையாகவே அலுவல் பார்த்தார். இரண்டு வழக்கறிஞர்களிடம் போனார். டூட்டிங்கில் ஆலோசனை சொல்லும் ஒருவரிடமும் போனார். மூவரும் முடியாதென்று ஒரே விதமாகத் தலையாட்டினார்கள். வேலை செய்ய அனுமதி வந்ததும் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு ஷிப்ட் எடுத்தார். அந்தச் சம்பளம், விதி கேட்கும் சம்பளத்தின் முழங்காலுக்கும் எட்டாது. மண்டபத்தில் அவரிடம் புள்ளிவிபரம் கேட்பது குறைந்தது. காத்திருப்பவர்களுக்கு, முடிவு கிடைத்தவர் வேறு ஆள்.

நவம்பர் கடைசி வியாழன் புதிய அட்டவணைகள் வந்தன. அன்று றூபினியும் கூட வந்தாள். டொலறஸ் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கைகளில் தரை துடைக்கும் பிளீச்சின் மணம். இலங்கை என்ற வரியைக் கண்டுபிடித்து விரலை வைத்தார்.

"செப்டெம்பர் முடிவு வரைக்கும் இருக்கு. இதுக்குள்ளை நான் இருக்கிறன்."

றூபினி குனிந்து பார்த்தாள். "நான்?"

விரல் பக்கத்து நிரலுக்கு நகர்ந்தது. "நீ இஞ்சை."

இரண்டு பெண்களும் தாங்கள் இருந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டொலறஸ் வேறொரு அட்டவணையைத் திறந்தார். குடும்ப இணைவு விசா. றூபினி அதை வாசித்ததும் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, பாருங்கோ! ஆயிரக்கணக்கிலை குடுத்திருக்கினம். நிப்பாட்டேல்லை அக்கா!"

டொலறஸ் பக்கத்தைக் கீழே இழுத்தார். "இது முந்திப் போட்ட ஆக்கள், றூபினி. அவையின்ரையைத்தான் இப்ப பாத்து முடிக்கினம். வாறமுறை குறையும். அதுக்கடுத்தமுறை இன்னும் குறையும்." சொல்லும்போது குரல் கச்சேரியில் விளக்கம் சொல்பவரின் குரலாகவே இருந்தது. கணினியில் அவருடைய நேரம் முடிந்து திரை தானாக அணைந்தது. அதன் முன்னாலேயே இருந்தார். பிறகு காலிலிருந்து பட்டியை விடுவித்து, வாசலுக்குப் போய்த் தொலைபேசியை உள்ளங்கையில் ஏந்தினார். அங்கே பின்னேரம். கொட்வினுக்குப் பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, அஜித்தாவை உயர்தர வகுப்பிலை கொண்டுபோய்ச் சேருங்கோ."

"இனி ஏன்? வகுப்புத் தொடங்கி எத்தினை மாதம். அங்கை வந்து படிக்கட்டுமே."

"இப்ப வர ஏலாது. அந்த வழியை நிப்பாட்டிப் போட்டினம்."

பட்டறைச் சத்தம் நின்றது. யாரையோ அவர் வெளியே போகச் சொன்னார்.

"எப்ப நிப்பாட்டினவை?"

"செப்டெம்பரிலை. எனக்கு முடிவு வர முதலே."

"அப்ப நீர் கேக் வெட்டிக்கொண்டு நிண்ட படம்?"

"அப்பவும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சிரிச்சனீர்?"

கொட்வின் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாசலில் நின்ற எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்லுறன். இரவைக்கு எடுக்கச் சொல்லுங்கோ."

"வேண்டாம். நீர் சொன்னா அவள் உம்மோடை கோவிப்பாள். நான் சொல்லுறன். என்னோடை கோவிச்சாலும் நான் பக்கத்திலை இருக்கிறன்."

அதற்குப் பிறகு அஜித்தா சில நாட்கள் தாயோடு பேசவில்லை. ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது. பாடசாலை அதிபர் கலைப்பிரிவில் மட்டும் இடமிருப்பதாகச் சொல்லிவிட்டார். கணிதப் பிரிவு நிரம்பிவிட்டது. டொலறஸ் அதை என்னிடம் காட்டினார். "கணக்குத்தான் அவளுக்கு விருப்பம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மூடினார்.

அகதியானவர் அமைச்சு கொடுத்த வீட்டில் இருக்க முடியாது. வெளியேறச் சொன்ன தவணை டிசெம்பரில் முடிந்தது. வேறு வீட்டுக்காக உள்ளூர்க் கவுன்சிலில் பதிவதற்கு ஆங்கிலத் துணையாக என்னைக் கூட்டிப்போனார். உண்மையில் அவருக்குத் துணை தேவைப்படவில்லை. காத்திருப்பு அறையில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் களைத்திருந்தாலும் கனிவாகத்தான் பேசினாள். சத்தத்தில் டொலறஸுக்குக் கேட்கவில்லை. நல்ல காதைக் கண்ணாடியோடு ஒட்டினார். அந்தப் பெண் உரத்துக் கேட்டாள்: உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?

டொலறஸ் யோசிக்காமல் மூன்று விரல்களைக் காட்டினார்.

பெண் தட்டச்சுச் செய்யப்போனவள் நிமிர்ந்து பார்த்தாள். இங்கே, உங்களோடு வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று திருத்திக் கேட்டாள்.

விரல்கள் கண்ணாடியின் முன் அப்படியே நின்றன. பின்னால் யாரோ இருமினார்கள். டொலறஸ் மற்றக் கையை எடுத்துவந்து, அந்த விரல்களில் ஒன்றைப் பிடித்து மடக்கினார். பிறகு அடுத்ததையும் மடக்கி, இரண்டும் மறுபடி விரிந்துவிடாமல் பொத்திப் பிடித்துக்கொண்டார்.