ஞானஜோதி அம்மாள் எடுத்த வள்ளங்கள்

சிவப்பு ரப்பர் விரிப்பைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, காமிராவையும் அதற்குள் இழுத்துக்கொண்டு, ஏரிக்கரைக் கோரைக்குள் குந்துகிறார் ஞானஜோதி அம்மாள். வெளியே தெரிவது சேறு அப்பிய இரண்டு பாதங்களும் லென்ஸும் மட்டும். எதிரே, பாதி புதைந்த ஒரு பழைய வள்ளம். மழை அதன்மீதும் இவர்மீதும் ஒரே மாதிரி விழுகிறது.

"அய்யா, அங்கிட்டு நவுந்து நில்லுங்க. உங்க குடை படத்துல விழுது" என்று விரிப்புக்குள்ளிருந்து குரல் வருகிறது. நகர்கிறேன். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான என்னை அவர் அழைத்து வந்தது அவருடைய காமிராப் பை நனையாமல் குடை பிடிக்கத்தான்.

அந்த விரிப்பு ஆஸ்பத்திரியில் பிரசவக் கட்டிலில் கிடந்தது. ஓரம் கிழிந்ததால் புதிது வந்தது. பழையதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது அவருக்கு முழுதாக இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் சொந்த ஊரான நாசரேத்துப் பேச்சுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நடுச்சாமத்துல எவனாவது கதவத் தட்டுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எந்த மாப்பிள்ளை பொறுப்பான்?" என்பார். காப்பிக்குச் சர்க்கரை போடமாட்டார். கருப்பட்டி தீர்ந்துபோனால் காப்பியே குடிக்கமாட்டார். மானேஜரானாலும் சரி, உட்காரச் சொல்லாவிட்டால் தானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஏலக்காடும் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களும் ஏரிக்கு அக்கரையில் இருக்கின்றன, ஆஸ்பத்திரி இக்கரையில். குமுளியிலிருந்து ஜீப் பாதை வருவதற்கு முன்பு, வலி கண்ட பெண்களை வள்ளத்தில்தான் ஏற்றி வரவேண்டும். ஆள் வந்து சொன்னதும் அம்மாள் அதே வள்ளத்தில் அக்கரைக்குப் போய்க் கூட்டி வருவார். பல பிள்ளைகள் கரை சேரும்வரை பொறுத்திருக்கவில்லை. பாதை வந்தபின் வள்ளங்களைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். போட்ட இடத்திலேயே பாசி பிடித்துக் கிடக்கின்றன. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். அவருக்கு ரெட்டைப்பிள்ளை வள்ளம் வேறு, துடுப்பு ஒடிஞ்ச வள்ளம் வேறு.

வள்ளத்தில் பிறந்த பிள்ளைக்குக் கல்யாணம் என்றால், அந்த வள்ளத்தைப் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார். "இந்தா, உன் பொறந்த வீடு." சிலர் சிரிப்பார்கள். ஆனால் வாங்கியதை யாரும் மூலையில் போடுவதில்லை. ஒரு லயத்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உளுத்துப்போன வள்ளம் ஒன்று தொங்குகிறது.

அவருடைய ஆக்ஃபா காமிரா நல்ல வெளிச்சத்துக்கானது. அவர் எடுப்பதோ மழையில். குமுளியில் படம் கழுவித் தரும் மிக்கேல்ராஜ் ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார். "என்னம்மா இது, இருட்டத்தான் புடிச்சுக்கிட்டு வந்திருக்கீக. ஒரு நா வெயிலடிக்கையில எடுத்தா என்ன?"

"வெயிலடிக்கையில பிரசவம் பாத்திருந்தா வெயில்ல எடுத்திருப்பேன். நீ கழுவுத வேலையப் பாரு."

இந்த வாரம் மானேஜர், கரையில் கிடக்கும் வள்ளங்களை வேண்டியவர்கள் விறகுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். முதல் ஆளாக ஆபீசுக்கு வந்தவர் ராக்கப்பன். அடுத்த மாதம் அவர் மகள் சாந்தம்மாளுக்குக் கல்யாணம்; பந்தி அடுப்புக்கு விறகு வேண்டும். ஆனால் எந்த வள்ளமும் போதும் என்று அவர் சொல்லவில்லை. இந்த வள்ளம்தான் வேண்டும் என்றார். பதினெட்டு வருடங்களுக்கு முன் அவர் மனைவி வேலுத்தாய் சாந்தம்மாளைப் பெற்றதும், கரை சேருமுன் இறந்ததும் இதில்தான். ராக்கப்பன் அன்று கம்பத்துச் சந்தைக்குப் போயிருந்தார்.

விஷயம் அம்மாள் காதுக்கு நேற்றுத்தான் எட்டியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"கர்த்தருக்கு என்னையத் தெரியும். ராக்கப்பனுக்குத்தான் தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் ராக்கப்பனே வந்துவிட்டார். தலையில் சாக்குக் கொங்காணி, தோளில் கோடாலி.

"நர்ஸம்மா, எந்திரிங்க. இப்ப வெட்டுனாத்தான் அடுப்புக்குக் காயும்."

"ஒரு படம் எடுத்துக்கிடுதேன். பொறவு வெட்டு."

"இத எடுக்க வேணாம்."

"ஏன்?"

"எம் பொண்டாட்டி செத்த எடத்தப் படம் புடிச்சு எம் மக கல்யாணத்துல குடுப்பீகளா? ஆஸ்பத்திரியில செத்தான்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

விரிப்பு விலகி அம்மாளின் முகம் வெளியே வந்தது. "செத்த எடத்த எடுக்க நான் வரல. சாந்தா பொறந்த எடத்த எடுக்க வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். அதுக்கு நான் என்ன செய்ய? நீ எரிச்சா ரெண்டும் சேந்துதான் போவும்."

ராக்கப்பன் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கி, வள்ளத்தின் மூக்கருகில் போய் நின்றார். அம்மாள் அசையவில்லை. "வெட்டு. நீ வெட்டுததையும் சேத்து எடுக்கேன். உம் மக பாத்துக்கிடட்டும்."

"பிடிவாதக்காரின்னு சும்மாவா சொல்றாக" என்று முணுமுணுத்தார் ராக்கப்பன். கோடாலி உயரவில்லை. வள்ளம் நிறைய மழைத்தண்ணீர். அதில் அழுகிய இலைகள் மிதந்தன. கோடாலிக் காம்பால் அவற்றை ஒதுக்கினார்.

"நர்ஸம்மா. கடைசியில அவ என்னமும் சொன்னாளா?"

"இத்தன வருசமா நீ கேக்கல."

"கேக்கப் பயம். பிள்ள மொகத்தப் பாக்காமலே போயிட்டான்னு சொல்லிருவீகளோன்னு."

அம்மாள் எழுந்துகொண்டார். விரிப்பு தோளில் சரிந்து கிடந்தது. "நடுவுல ஒரு குறுக்குப் பலகை உண்டுல்லா, அதுல தலைய வச்சிருந்தா. ஆணா பொண்ணான்னு கேட்டா. பொண்ணுன்னேன். லாந்தர் வெளிச்சத்துல பிள்ளையத் தூக்கிக் காட்டுனேன். பாத்தா."

"பாத்தாளா?"

"பாத்தா. மூக்கு உன்ன மாதிரின்னு சொன்னா."

ராக்கப்பன் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். பிறகு கோடாலியைக் கோரைக்குள் போட்டுவிட்டு, கரையில் கிடந்த துருப்பிடித்த டின் ஒன்றை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குள் இறங்கினார். தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். மழையும் பெய்துகொண்டேதான் இருந்தது. அதைவிட வேகமாக மொண்டார். கடைசியில் அந்தக் குறுக்குப் பலகை வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"இப்ப எடுங்க" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைவிட்டு இறங்கி விலகப் போனார்.

"நீ எங்க போற? பக்கத்துல நில்லு."

"நான் எதுக்கு?"

"ஆத்தா போட்டோதான் அந்தப் பிள்ளைக்கு இல்ல. அப்பனாவது இருக்கட்டும்."

ராக்கப்பன் கொங்காணியைக் கழற்றி, விரலால் தலையைக் கோதி, வள்ளத்தின் விளிம்பில் ஒரு கையை ஊன்றினார். முகத்தை நேராக வைக்கப் பார்த்தார், அது கோணியது. மறுபடி வைத்தார், மறுபடி கோணியது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஞானஜோதி அம்மாள் பொத்தானில் விரலை வைத்தபடி, அந்த முகம் நேராகட்டும் என்று அழுத்தாமல் காத்து நின்றார்.