டயர் செருப்பில் திருப்பதி போன ஜீப்

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். அப்படிப் போகிற புத்திசாலிகளுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய ஜீப்பை வாங்கி வைத்துக்கொண்டு, செத்தாலும் அதில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிற என் இனத்தாருக்காக எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று ஒரு மாதம் பார்த்தேன். ஆறவில்லை.

இந்த வருஷம், எழுபத்தெட்டு மே மாதம், என் மனைவி கிரேஸின் தங்கைக்குத் திருப்பதியில் கல்யாணம். கிரேஸ் முன்னதாகவே பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று தீர்ப்பு சொன்னாள்: "வண்டி வழியில நிக்காம வந்து சேந்தா நீங்களே வச்சிக்கோங்க. நின்னுச்சின்னா தம்பிக்குக் குடுத்துடணும்." அவள் தம்பி தேவசகாயத்துக்கு வெதுருகுப்பத்தில் நிலம். என் ஜீப்பின் இன்ஜினைப் பிடுங்கிக் கிணற்று மேட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் இறைப்பது அவனுடைய நெடுநாள் கனவு. ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம், கசாப்புக்காரன் ஆட்டைத் தடவுவதுபோல் பானெட்டைத் தடவுவான்.

அதனால் முன்ஜாக்கிரதையாக ரேடியேட்டரின் ஓட்டையைப் பற்றவைக்க மெக்கானிக் கோபாலிடம் விட்டேன். முன்ஜாக்கிரதை என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது கோபால் ரேடியேட்டரைத் தட்டிக் காட்டினான். "கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்குது சார். அசையாது."

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். கோட்டு, டை, கண்ணாடியாக மின்னும் கறுப்பு ஷூ. பூதலப்பட்டு தாண்டியதும் முன்பக்கம் ஆவி கிளம்பியது. கூடவே மின்விசிறி எதையோ பிறாண்டும் சத்தம். பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் சட்டத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது. அடியில் இரண்டு பக்கமும் கனமான ரப்பர் வில்லை, அதன் வழியாக போல்ட். ரப்பர் இருந்தால் ரோட்டின் குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். என் வண்டியில் ரப்பரும் இல்லை, போல்ட்டும் இல்லை. கோபால் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். கம்பி அறுந்து, ரேடியேட்டர் மின்விசிறிமேல் சாய்ந்து, அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. கல் மாதிரி உட்கார்ந்திருந்தது நான்தான்.

போல்ட்டுக்காகப் பின்பக்கப் பம்பரில் இரண்டைக் கழற்றிக்கொண்டேன். ரப்பருக்கு எங்கே போவது? அப்போது வரப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பெயர் முனெய்யா. காலில் லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு; விரற்கடை கனம். எனக்கு அந்தச் செருப்பைத் தவிர அவரிடம் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஏமி சார், என் காலையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"அந்தச் செருப்பு வேணும். என்ன விலை?"

"பித்து கித்து புடிச்சிருக்குதா? மருமவப்புள்ள ஊருக்குப் போய்க்கினு இருக்கறேன். வெறுங்காலோட போனா மதிப்பானா?" என்றவர் என் ஷூவைக் குனிந்து பார்த்தார். "அத்த குடுங்க, இத்த எடுத்துக்கோங்க."

கொடுத்தேன். சாக்ஸையும் கேட்டார். கொடுத்தேன். டையைப் பார்த்தார், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவருடைய கொடுவாளாலேயே செருப்பை அறுத்து, வார் கோத்த ஓட்டைகளைப் பெரிதாக்கி, அடியில் கொடுத்து முடுக்கினோம். ஒழுகலுக்கு ஊர்க் கடையில் மஞ்சள் தூள் வாங்கி ரேடியேட்டரில் கொட்டினேன். தூள் ஊறி ஓட்டையை அடைக்கும். பழைய லாரிக்காரர் வைத்தியம். அடைத்தது. ஆனால் சந்திரகிரிப் பக்கம் மூடி பிய்த்துக்கொண்டு, ரசம் கொதிக்கிற வாசனையோடு பானெட் முழுக்க மஞ்சளாக வழிந்தது. கழுவ நேரமில்லை.

சர்ச் வாசலில் இறங்கியபோதுதான் என் கோலம் எனக்கே உறைத்தது. கோட்டு, டை, வெறுங்கால். பின்னால் மஞ்சள் பூசிய வண்டி. இடமோ திருப்பதி.

தேவசகாயம் ஓடி வந்தான். "வழியில நின்னுச்சா மாமா?"

"வந்துட்டேன் இல்ல?"

"அப்ப ஷூ எங்க?"

உண்மையைச் சொன்னால் ஜீப் கிணற்று மேட்டுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி நிரப்பினாள். "வெறுங்கால், வண்டிக்கு மஞ்சள்... மலைக்கு வேண்டுதல் போல இருக்குது! சபைக் கமிட்டியில வேற இருக்கறாராமே?" காப்பி வருவதற்குள் செய்தி பந்தல் முழுக்கப் போய்விட்டது. பந்தலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் மட்டும், "நல்ல காரியம் சார், மொட்டை எப்போ?" என்று அன்பாகக் கேட்டார். போதகர் மணமக்களுக்காக ஜெபித்து முடித்த கையோடு, வழிதப்பிய ஆடு ஒன்றுக்காகவும் ஜெபித்தார். பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் என் காலைப் பார்த்துத் திரும்பியது. கிரேஸ் தலை நிமிரவேயில்லை. அதுதான் சுட்டது.

திரும்பும்போது அவளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பூதலப்பட்டில் ஒருவர் கையை விரித்து வண்டியை மறித்தார். முனெய்யா. என் ஷூ அவர் கழுத்தில் தொங்கியது, குதிகாலில் கொப்புளம்.

"அய்யோ சார், இது கடிக்குது! மருமவன் எதிர்ல நொண்டிக்கினு போனேன். என் செருப்பக் குடுங்க."

கிரேஸ் என்னைப் பார்த்தாள். "எந்தச் செருப்பு?"

முனெய்யாவே பானெட்டைத் திறந்து காட்டினார். அவள் இறங்கி, குனிந்து, நிறைய நேரம் பார்த்தாள். "வண்டி நின்னுச்சின்னு சொல்லியிருந்தா தீந்துது. இந்தத் தகரத்துக்காக என்னை அவ்ளோ பேர் எதிர்ல தலைகுனிய வச்சீங்களா?"

"தம்பி இன்ஜினைப் பிடுங்கிடுவானே..."

"அவன் பிடுங்கினா, இது வேண்டுதல் இல்லன்னு சொல்ல நமக்கு சாட்சி ஏது? வண்டி நம்ம வீட்லதான் இருக்கணும். கேக்கறவங்களுக்கெல்லாம் தொறந்து காட்டணும். அந்தச் செருப்பு மேல கைய வச்சீங்க, பாருங்க!" முனெய்யாவுக்குப் புதுச் செருப்பு வாங்கப் பணத்தையும் அவளே கொடுத்தாள். ஷூ திரும்பி வந்தது, அவர் காலின் வடிவத்தில்.

இனி இந்த வழியில் போகிறவர்களுக்கு: பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். குனிந்து, ரேடியேட்டருக்கு அடியில் விரலை விட்டு ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பூதலப்பட்டில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி கட்டாயம். மஞ்சள் கை கொடுக்கும். ஆனால் ஊருக்குள் நுழையும் முன் வண்டியைக் கழுவுங்கள்.

திரும்பியதும் கோபாலிடம் ரப்பர் எங்கே என்று கத்தினேன். "அந்த வீணாப்போன ரப்பரா சார்? எங்க வீட்ல பீரோ ஆடிக்கினே இருந்துச்சி, அடியில வச்சேன். இப்ப ஆடறதில்ல," என்றான், நான் சந்தோஷப்படுவேன் என்பதுபோல. அவன் பீரோ ஆடாமல் இருக்க நான் ஒரு மதம் மாறினேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கிரேஸின் உத்தரவுப்படி எங்கள் சித்தூர் சர்ச் வாசலில் ஜீப்பை நிறுத்திப் பானெட்டைத் திறந்து வைத்தேன். சபையார் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தார். டயர் செருப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு பானெட்டில் கழுவியும் போகாத மஞ்சள் கறையைப் பார்த்தார்.

"செருப்பு சரி," என்றார். "மஞ்சள் எதுக்கு?"