பார்ப்பதற்கு இரண்டு பேர்

1. மலேசியாவில் செமோருக்குப் பக்கத்தில், ரப்பர்ப் பால்மரங்களை அழித்துக் கட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் மோட்டார் சைக்கிள்கள் அடிக்கடி காணாமல் போயின.
2. குடியிருப்பாளர்கள் சேர்ந்து குற்றத் தடுப்பு இயக்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அதை நடத்தச் சம்பளமில்லாத ஒரு செயலவை அமைந்தது.
3. செயலவை தெருக்களில் கேமராக்களைப் பொருத்தியது. ஈப்போவில் கணினி வலையமைப்புப் பொறியாளராக இருப்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.
4. கேமராப் படத்தைச் செயலவையினர் எல்லாரும் தங்கள் கைப்பேசியில் பார்க்கலாம் என்று முடிவானது.
5. செயலவையில் இருந்த சாப்பாட்டுக்கடை பாய், அந்தப் படத்தைத் தன் கடைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்.
6. ஒரு காலையில் ரொட்டி சானாய் வாங்க வந்த பெண், அதில் தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

இதுவரை பட்டியலுக்கு அடங்குகிறது. பிறகு நடந்ததை எண் போட்டு எழுத எனக்கு வரவில்லை.

பாய் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பந்தாட்டம் இல்லாத நேரத்தில் தொலைக்காட்சி சும்மா கிடக்கிறதே என்றுதான் செய்தார். தே தாரிக் குடித்துக்கொண்டே தெருவை வேடிக்கை பார்ப்பது வாடிக்கையாளர்களுக்குப் பிடித்துப்போனது. ஒருமுறை யாருடைய வீட்டுக் கேட்டையோ நெம்பிய ஒருவனைத் திரையில் பார்த்து, நாலு பேர் கடையிலிருந்து ஓடிப்போய் விரட்டினார்கள். அதிலிருந்து பாய்க்கு ஒரே பெருமை.

அந்தப் பெண் ஈப்போவில் தாதியாக வேலை செய்பவர். தைப்பிங்கிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்தார். தாதிகளை அழைக்கும் வழக்கப்படி, தாமானில் அவரை மிஸ்ஸி என்போம். அன்று அவர் ரொட்டிக்காகக் காத்து நின்றபோது, முன்மேசையில் இருவர் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்ஸி அக்கா வீட்டுல யூனிஃபார்ம் இன்னும் கொடியிலயே காயுது மச்சான். இன்னிக்கு லீவுலா."

"உனக்கு என்னா தெரியும்? அவங்க மத்தியானம்தான் போவாங்க. வெள்ளைக் கார் வந்து ஏத்திக்கும் பாரு."

மிஸ்ஸி அவர்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ரொட்டியை வாங்காமலே நேராகச் செயலவைத் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் தலைவர் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவருடைய கைப்பேசியைச் சரிசெய்ய நானும் அங்கே இருந்தேன்.

"தைப்பிங்க விட்டு ஏன் வந்தேன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல அண்ணே," என்றார். பழைய கணவர் மிஸ்ஸியின் போக்குவரவையெல்லாம் கண்காணித்து அடித்தவர். கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிஸ்ஸி இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது. "ஆனா அவரு லோரி ஓட்டறவரு. எந்தக் கடையில வேணும்னாலும் நிறுத்தி தே குடிப்பாரு. நீங்க ஒரு வழி சொல்லலேன்னா நான் மறுபடியும் வீடு மாறணும்."

தலைவர் உடனே பாயைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பாலாய் ராயா பொதுமண்டபத்தில் செயலவை கூடியது. மிஸ்ஸியும் வந்திருந்தார்.

பாய் கோபத்தோடுதான் தொடங்கினார். "நூறு கண்ணு பாத்தா திருடன் வருவானா? நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

"திருடன் வந்தா மோட்டார் போகும் பாய். அந்த ஆளு வந்தா நான் போவேன்."

தலைவர், அந்த ஒரு கேமராவை மட்டும் திருப்பிவிடலாமா என்று கேட்டார். திருப்பவே வேண்டாம், படத்தில் அந்த வீட்டை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம் என்றேன் நான்.

மிஸ்ஸி தலையாட்டி மறுத்தார். "தெருவுல ஒரே ஒரு வீடு கறுப்பா இருந்தா, ஒளிஞ்சிருக்கறவ எங்க இருக்கான்னு நாமளே காட்டிக் குடுக்கற மாதிரிலா. கேமரா இருக்கட்டும். வேலை முடிஞ்சு இருட்டுல வரப்ப எனக்கும் அது வேணும். பாக்கற ஆளைக் கொறைங்க. யாரு பாக்கறதுன்னு முடிவு பண்ற எடத்துல எனக்கும் ஒரு நாற்காலி குடுங்க."

கேமராவைக் கழற்றச் சொல்வார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒளிந்து வாழ வந்தவர் எங்கள் நடுவில் உட்கார இடம் கேட்டார்.

"செயலவைன்னா பேரு வெளிய தெரியுமேம்மா," என்றார் தலைவர்.

"உங்களுக்கெல்லாம் தெரியட்டும். அறிவிப்புப் பலகையில மட்டும் எழுதி மாட்டாதீங்க."

பாய் தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் என் பக்கம் தள்ளினார். "மொதல்ல என்னோடத அழிம்மா."

அடுத்தவரும் தள்ளினார். அதற்கடுத்தவரும். கண்ணாடி விரிசல் விட்டது ஒன்று, முருகன் படம் ஒட்டியது ஒன்று, எண்ணெய்க் கைரேகை படிந்தது பாயுடையது. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராச் செயலியை நீக்கினேன். என் வேலையில் கூடுதல் அனுமதி கேட்டு வருபவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். கையில் இருக்கும் அனுமதியை யாரும் வற்புறுத்தாமலே திருப்பிக் கொடுத்தவர்களை அன்றுதான் பார்த்தேன். இயக்கத்துக்கான டீ-சட்டையின் நிறத்துக்காக ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்ட அதே மனிதர்கள்!

தலைவர் மட்டும் கைப்பேசியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். "அப்போ தெருமுனையில இருக்கற என் ரம்புத்தான் மரத்தை யாரு பாப்பா?"

"நீங்களே நடந்து போய் பாருங்க அண்ணே, இனிப்புநீர் வியாதி கொறையும்," என்றார் மிஸ்ஸி. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பிறகு விதி எழுதினோம். நேரடிப் படத்தை யாரும் பார்க்கக் கூடாது. போலீசில் புகார் இருந்தால் மட்டும் பதிவைத் திறக்கலாம். கடவுச்சொல்லை இரண்டு பாதியாக்கி இருவரிடம் கொடுப்பது. ஒரு பாதி மிஸ்ஸியிடம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மறுபாதி யாரிடம் என்று தலைவர் கேட்டார்.

"பாய்கிட்ட இருக்கட்டும்," என்றார் மிஸ்ஸி.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்டயா?"

"எனக்கு உங்க மேல கோவம் இருக்குதான். ஆனா விடியறதுக்கு முன்னாடியே கடை தொறந்திருக்கும். கூப்பிட்டா வந்துடுவீங்க."

பாய் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அந்த அறையில் இருந்தவர்களில் வயதில் சின்னவள் நான். செயலவை என்பது எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதுவரை பதிவை ஒருமுறைதான் திறந்திருக்கிறோம், யாரோ உடைத்த கார்க் கண்ணாடிக்காக. இருவரும் வந்து தங்கள் பாதியைத் தட்டினார்கள். உடைத்தவன் முகம் தெளிவாக இல்லை. மிஸ்ஸியின் பழைய கணவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மிஸ்ஸி வீடு மாறவில்லை.