அத்தான் பார்க்காத ஏரி

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவருக்குச் சளி பிடிப்பதில்லை என்று சொல்வேன். அதுவும் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு மத்திய அரசு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதோ ஒரு வாரம் அவரை லடாக்குக்கு அனுப்பியிருந்தார்கள், ஏதோ கருவியைச் சரிபார்க்க. அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு மனிதர் வாழ்நாள் முழுவதும் பிழைத்தார். குளிர்காலக் காலையில் அவர் குடியிருக்கும் திருமுல்கேரியே ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நடக்கும்போது இவர் மட்டும் கையில்லாத பனியனோடு போவார். யாராவது வியந்து கேட்க மாட்டார்களா என்று முகத்தில் ஒரு பசி இருக்கும். கேட்டுவிட்டால் போச்சு, லடாக் தொடங்கிவிடும்.

அக்காவின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். போன குளிர்காலம் எங்கள் மூவரையும் அழைத்திருந்தாள். அங்கே மலைமேல் ஒரு தேசியப் பூங்கா. காடு முழுக்க ஆளுயரப் பனி. பூட்சுக்கு அடியில் அகலமான ஒரு சட்டத்தை வாரால் கட்டிக்கொள்ள வேண்டும், ஸ்நோஷூ என்கிறார்கள். அது இருந்தால் கால் புதையாது. உறைந்துபோன ஏரி ஒன்று வரை நடந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

வாடகைக் கடையில் ஒரு பெண் வார் கட்டுவது எப்படி என்று காட்டினாள். அவள் வாயைத் திறக்குமுன்னே அத்தான், "ஐ நோ, ஐ நோ" என்றார். கடைசியில் வலது கால் சட்டத்தை இடது காலில் மாட்டிக்கொண்டு நின்றார். மகள்தான் குனிந்து மாற்றிக் கட்டினாள். ஊன்றுகோல் கொடுத்ததற்கு, "நக்கோ நக்கோ, வேண்டாம், நான் என்ன கிழவனா?" என்றார்.

காட்டுக்குள் நுழைந்ததும் மகள் எங்களை நிறுத்தினாள். "மரத்துக்குப் பக்கத்துல மட்டும் போகாதீங்க. கிளைக்குக் கீழ பனி லூஸா இருக்கும், உள்ள பெரிய ஹோல் இருக்கும். என் பின்னாலயே வாங்க."

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அத்தானுக்கு ஒரு மரம் பிடித்துவிட்டது. பனி சுமந்து கிளைகள் தரை வரை தாழ்ந்திருந்த பெரிய ஊசியிலை மரம்.

"ஏட்டி, அங்ஙன போய் நில்லு. வீடியோ எடுக்கேன்."

"பிள்ள வேண்டாம்னு சொல்லிச்சுல்லா" என்றாள் அக்கா.

"நான் லடாக்ல பாக்காத பனியா? போ, சும்மா நில்லு."

அக்கா போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன இடத்தில் நின்று பழகியவள். கிளையருகே இரண்டடி வைத்ததும் ஒரு சத்தமும் இல்லாமல் மார்பு வரை உள்ளே போய்விட்டாள். மேலிருந்து பனி கொத்துக் கொத்தாக அவள் தலையில் விழுந்தது.

"ஐயோ, கையப் புடிங்க!"

அத்தான் சிரித்தார். செல்போனை இறக்கவேயில்லை. "அசையாதட்டி, நல்லா வருது" என்றார்.

நான் கத்தியதில் மகள் திரும்பி ஓடிவந்தாள். பனியில் குப்புறப் படுத்து ஊன்றுகோலை நீட்டினாள். நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். இழுத்து வெளியே கொண்டுவந்தபோது அக்காவின் ஒரு கையுறை உள்ளேயே போயிருந்தது. விரல்கள் வெளுத்துக் கிடந்தன. மகள் தன் கோட்டைத் திறந்து அந்தக் கையைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூவரும் பனியிலேயே உட்கார்ந்திருந்தோம். இந்த மனிதர் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

"சரி, திரும்பிருவோம். இவளால முடியாது" என்றார்.

அக்கா எழுந்தாள். "என்னால முடியும். நீங்க கார்ல போய் இருங்க."

அவர் வேடிக்கைப் பேச்சென்று நினைத்தார். அக்கா சிரிக்கவில்லை. மகள் கார்ச் சாவியை நீட்டினாள். நான் என் கையுறை ஒன்றை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். லடாக் வீரர் தடம் பார்த்துத் தனியாகத் திரும்பிப் போனார்.

ஏரி வெள்ளையாக, அசைவில்லாமல் கிடந்தது. கரையில் விழுந்திருந்த மரத்தில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அத்தானின் பங்கையும் அக்காவே சாப்பிட்டாள். ரொம்ப நேரம் எழுந்திருக்க அவளுக்கு மனமில்லை.

ஹைதராபாத் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் காலனிக்காரர்களைக் கூப்பிட்டு அந்த வீடியோவை டிவியில் போட்டார். அக்கா பனிக்குள் போனதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "ஐயோ, கையப் புடிங்க!" என்ற குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அதன்மேல் இவருடைய சிரிப்பு.

கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மாள் மெதுவாகக் கேட்டார். "மீரு எந்துக்கு பட்டுகோலேது?" நீங்கள் ஏன் பிடிக்கவில்லை?

"புடிச்சா வீடியோ ஆடிருக்கும்லா" என்றார் அத்தான். என்ன கேட்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை. சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று நினைத்து வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார்.

அக்கா காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏரி ரொம்ப நல்லா இருந்துச்சு. வர்ற குளிருக்கும் போறோம், நானும் தங்கச்சியும்" என்று கீழ்வீட்டம்மாளிடம் சொன்னாள்.

"நான் இல்லாமயா?" என்றார் அத்தான்.

"ஹவ்" என்றாள் அக்கா, ஆட்டோக்காரருக்கு உருதுவில் 'ஆமாம்' சொல்வதுபோல, அவர் பக்கம் திரும்பாமலே.