நம்பிச் சொன்ன வயது

சித்ராதேவி ஆக்சுவரி ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்தாள். மனிதர்களுக்கு எந்த வயதில் நோய் வரும், எப்போது சாவு வரும் என்று கணித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்கிற வேலை அது. அவளுடைய அம்மா ராமுத்தாய் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையலில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தாள். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா இல்லை.

எம்.எஸ்சி. கடைசி வருடம் ஓர் ஆய்வறிக்கை தரவேண்டும். அம்மாவின் கம்பெனியிலேயே தொழிலாளர்களின் வயதையும், உடம்புக்கு முடியாமல் அவர்கள் போட்ட லீவையும் சேகரிக்க நினைத்தாள். முதலாளி செந்தில்வேல் உடனே சம்மதித்தார்.

"தாராளமாப் பண்ணு கண்ணு. முடிச்சதும் எனக்கொரு காப்பி குடுத்துரு."

கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்த வயது பாதி பொய். வயது கூடினால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று ஆதாரிலேயே ஏழெட்டு வருடத்தைக் குறைத்து வாங்கியவர்கள் பலர். ராமுத்தாயின் மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்கள். அயர்ன் மாஸ்டர் ஆரோக்கியராஜ் கொஞ்சம் தயங்கினார்.

"பேரு வராதுல்லத்தா?"

"வராது மாமா. டோக்கன் நம்பர் மட்டுந்தான்."

"அப்ப எழுதிக்கோ. அம்பத்தி நாலு."

நாற்பத்தைந்துக்கு மேல் லீவு இரண்டு மடங்காகிறது என்று அவள் கணக்கு காட்டியது. பேராசிரியர் பாராட்டினார். கம்பெனி ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்த டோக்கன் நம்பர்களின் பட்டியலோடு ஒரு பிரதியைச் செந்தில்வேலிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

மூன்றாவது வாரம் பத்தொன்பது பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் ஆள் ஆரோக்கியராஜ். ஏழாவது ராமுத்தாய்.

சித்ராதேவி கம்பெனிக்கு ஓடினாள்.

"என்னை நம்பிச் சொன்னாங்க சார்."

செந்தில்வேல் அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "குரூப் இன்சூரன்ஸ்காரன் வயசப் பாத்துத்தான் பிரீமியம் போடறான். நீ எழுதுனதத்தான கண்ணு நான் படிச்சேன்?"

"எங்கம்மாவும் அதுல இருக்காங்க சார்."

"தெரியும். பெத்த தாய்க்கே வயசக் கொறைக்காமப் போட்டிருக்கறே. அதப் பாத்துத்தான் மத்த நம்பரையும் நம்புனேன். டீயக் குடி, ஆறுது."

வீட்டில் ராமுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எல்லார்ட்டயும் கேட்டுத்தான எழுதுன?"

"ஆமாம்மா."

"எங்கிட்டக் கேக்கலயே."

அம்மாவின் வயது சித்ராதேவிக்குத் தெரியும். கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

உண்மை வயது வெளியே தெரிந்துவிட்டதால் ஆரோக்கியராஜை வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. நான்கு மாதம் அலைந்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். தெருக்குழாயில் ராமுத்தாய் குடத்தோடு வந்தால், மற்ற பெண்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவளுக்குக் கடைசியில் வேஸ்ட் துணியைக் கிழித்துப் பிரிக்கும் குடோனில் இடம் கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி வேலை.

சித்ராதேவி பல்கலைக்கழகத்தில் முதலிடம் வாங்கி, மும்பையில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். முழு ஆக்சுவரி ஆக இன்னும் எட்டுத் தேர்வுகள் இருந்தன. போன மாதம் ஒன்று முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அடுத்த பேப்பரும் பாஸாயிட்டேம்மா."

மறுமுனையில் துணி கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது.